மீன் பெட்டிக்குள் போன ஹார்ட் டிஸ்க்

பத்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. மகனுடைய பழைய லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் பஸ் ஏறினேன். முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிகிற நேரம். கதிர் அறுக்கும் மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற மாட்டார். அதனால் நான் தனியாகப் போனேன். நான் எட்டாவது வரை படித்தவள். லேப்டாப்பைத் திறக்கவும் மூடவும், அதில் மகன் முகத்தைப் பார்த்துப் பேசவும் தெரியும். அவ்வளவுதான்.

மகன் சவூதியில் இருந்தான். அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபது நாளாக ரூமில் சும்மா இருந்தான். வேறொரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. படித்த சான்றிதழும், முன்பு வேலை பார்த்த இடத்துக் கடிதமும் அன்று சாயங்காலத்துக்குள் வந்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம். அசல் எல்லாம் பழைய கம்பெனி பீரோவுக்குள். ஃபோனில் வைத்திருந்த நகல் ஃபோன் கெட்டபோது போய்விட்டது. மிச்சம் இருந்தது, போன லீவில் வந்தபோது இந்த லேப்டாப்பில் ஏற்றி வைத்தது மட்டும்தான். லேப்டாப்போ, பொத்தானை அழுத்தினால் வெகுநேரம் கறுப்பாக நின்று, உள்ளே டக் டக் என்று தட்டிவிட்டு அணைந்துவிடும்.

வேலை போன விஷயம் எங்கள் வீட்டில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கூடப்பிறந்த தங்கைக்குக்கூட நான் சொல்லவில்லை. நோன்புப் பெருநாள் கழித்து அவனுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தோம். பெண் வீடு நாலு தெரு தள்ளித்தான். வேலை இல்லாத மாப்பிள்ளை என்று பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்று பயம். யார் விசாரித்தாலும் “அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கான்” என்று சொல்லிவிடுவேன். அல்லாஹ்வுக்குத் தெரியும், அது போதும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் அந்தக் கடை. ரிப்பேர் பார்க்கிறவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கோடியக்கரைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். அண்ணன்மார் எல்லாம் படகில் போகிறவர்கள், இவர் மட்டும் இந்த வேலைக்கு வந்துவிட்டார். லேப்டாப்பைத் திருப்பி அடியில் காதை வைத்துக் கேட்டார்.

“ஹார்ட் டிஸ்க் போற நிலைமையில இருக்கும்மா. இது உள்ள தட்டு சுத்துற பழைய மாதிரி. இப்ப சுத்தாத டிரைவ் வந்திருக்கு. அதைப் போட்டா இதே லேப்டாப் புதுசு மாதிரி எந்திரிக்கும். ஆனா அதுக்கு முன்னாடி இதுல உள்ளதையெல்லாம் அதுல இறக்கிக்கணும்” என்றார்.

பிறகு ஒன்று கேட்டார். “அவசரமா வேணுங்கிறது ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதை மட்டும் முதல்ல எடுத்துடலாம். மொத்தமா இறக்கினா மூணு மணி நேரம் ஆகும்.”

அங்கேயே நான் சொல்லியிருக்க வேண்டும். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவரை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. சான்றிதழ் என்றால் எதற்கு என்று வரும். எதற்கு என்றால் வேலை என்று வரும். “அப்படி அவசரம் ஒண்ணுமில்ல தம்பி. மகளோட கல்யாண ஃபோட்டோ, ஹஜ்ரத்மார் பேசுன பயான், அது இதுன்னு இருக்கும். எல்லாமே வேணும்” என்றேன்.

அவர் ஒரு பென் டிரைவைச் செருகி லேப்டாப்பை எழுப்பி, புது டிரைவை ஒயரில் மாட்டி வேலையை ஆரம்பித்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்தது. “இது முடியற வரைக்கும் மேல கை வெச்சுடாதீங்க. இப்ப சுத்திக்கிட்டிருக்கறதால படிக்குது. ஒரு தடவை நின்னா மறுபடி சுத்துமான்னு சொல்ல முடியாது” என்று சொன்னார். சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பன்னிரண்டரை வாக்கில் மற்றவர்கள் போய்விட்டார்கள். கூரியர் ஆபீசில் ஒரு பார்சல் எடுக்க வேண்டும், பதினைந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன், கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவரும் போனார். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நபி பேரில் ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தேன்.

அப்போது பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து மதியத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு கேட்டது.

எங்கள் வீட்டில் பாங்கு சத்தம் கேட்டால் டிவியோ மிக்ஸியோ எது ஓடினாலும் நிறுத்திவிடுவோம். சின்ன வயதிலிருந்து பழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை முக்காட்டைத் தலைக்கு இழுக்கும், இன்னொரு கை ஓடுகிறதை நிறுத்தும். அன்றைக்கும் என் கை அதைத்தான் செய்தது. லேப்டாப் மூடியை அழுத்தி மூடிவிட்டேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த சத்தம் மெல்ல இறங்கி நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது.

திறந்தேன். திரை வந்தது. பச்சைக் கோட்டுக்குப் பதிலாகச் சிவப்பில் ஏதோ எழுத்து. உள்ளே சத்தமே இல்லை.

அவர் வந்து பார்த்தார். “என்னம்மா ஆச்சு?” என்றார்.

“தெரியலை தம்பி. தானா நின்னுடுச்சு” என்றேன்.

பாங்கு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இன்னும் தொழவில்லை. அதற்குள் இப்படி ஒரு பொய் என் வாயிலிருந்து வந்தது. அவர் மறுபடி போட்டுப் பார்த்தார், டிஸ்கைக் கழற்றி வேறு ஒயரில் மாட்டிப் பார்த்தார். அசைவே இல்லை. பாதி இறங்கிய புது டிரைவைத் திறக்க முடியாது என்றார். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார்.

“ஓடும்போதே செத்துப்போச்சுன்னா, உள்ள இருக்கிற ஊசி தட்டைக் கீறியிருக்கும். இனிமே கரண்ட் குடுத்தா இன்னும் கீறும். நான் தொடக் கூடாது. மெட்ராஸ்ல இதுக்குன்னு ஆள் இருக்காங்க, அனுப்பினா மூணு வாரம் ஆகும். தப்பு என்மேலதாம்மா. பாதி ஓடும்போது விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. நீங்க காசு ஒண்ணும் தர வேண்டாம்” என்றார்.

அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாரம் என்றால் மகனுடைய வேலை போனது போனதுதான். அது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என்னை நினைத்து இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த நேரம் அவருடைய அக்கா வந்தார். பின்னால் இருக்கிற மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். தம்பிக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், என்னைப் பார்த்ததும் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா, வெயில்ல வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தியா? முகம் எப்படி வெளிறிக் கெடக்கு பாரு. மெஷினைப் பாக்குற கண்ணுல மனுஷங்க தெரிய மாட்டாங்களா உனக்கு?”

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை நின்றார். “யாரு லேப்டாப்பும்மா? புள்ளையோடதா? எங்க இருக்கான்?”

“சவூதியில.”

“நல்லா இருக்கானா?”

இருபது நாளாக நூறு பேருக்குச் சொன்ன பதில்தான். வாயைத் திறந்தேன், வரவில்லை. அழுகையும் வரவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “வேலை போயிடுச்சும்மா” என்றேன். அந்த ஒரு வார்த்தை போனதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. சான்றிதழ், சாயங்காலக் கெடு, கல்யாணம், எல்லாம். கடைசியாக அவர் தம்பியைப் பார்த்து, “அது தானா நிக்கல தம்பி. பாங்கு சொன்னதும் பழக்கத்துல நான்தான் மூடிட்டேன்” என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

“மூடினதாலதான் நின்னுச்சா? சத்தம் மெதுவா இறங்கி நின்னுச்சா, படக்குன்னு நின்னுச்சா?”

“மெதுவாத்தான் இறங்குச்சு.”

“அப்ப அது சாகலம்மா! நின்ன இடத்துல இறுகிக்கிச்சு, அவ்வளவுதான். இதை முதல்லயே சொல்லியிருந்தா அரைமணி நேரமா என்னை நானே திட்டிக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேனே!” என்று சிரித்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார். “அக்கா, உன் பொட்டியில ஐஸ் இருக்கா?”

“ஐஸும் இருக்கு, கிழங்கானும் இருக்கு. எதுக்கு?”

“இந்த டிஸ்கை அதுல வைக்கணும்.”

“எதை? இதையா? என் மீன் மேலயா? அந்தப் புள்ள சர்டிபிகேட்டை சவூதிக்காரன் திறந்தா கவுச்சி அடிக்கப் போவுதுடா!”

இறுகிப்போன டிஸ்க் நன்றாகக் குளிர்ந்தால் சில சமயம் கொஞ்ச நேரம் சுற்றும், இது நாட்டு வைத்தியம் மாதிரி, பத்தில் ஒன்றுதான் பலிக்கும், நம்பிக்கை வைக்காதீர்கள் என்று என்னிடம் சொன்னார். வேறு வழி இல்லை என்பதால் சரி என்றேன். டிஸ்கை மூன்று பிளாஸ்டிக் கவரில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, ரப்பர் பேண்டு சுற்றினார். அந்த அம்மா தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து, மீனை ஒரு பக்கம் ஒதுக்கி, ஐஸைக் கையால் குழித்து அதற்குள் வைத்து மூடினார்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தொழ வேண்டும் என்று தயங்கிச் சொன்னேன். ரிப்பேர் பார்க்கிறவர் ஒரு புது அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, மேற்கு எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு வெளியே போய் நின்றார். குடத்துத் தண்ணீரில் முகம் கை கால் கழுவி ஒளு செய்து, துப்பட்டியை விரித்துத் தொழுதேன். நான் முடிக்கும் வரை அந்த அம்மா கடை வாசலை மறைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். கடைசி ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது அவர் முதுகுதான் தெரிந்தது. யாரோ வாடிக்கையாளரிடம், “உள்ள வேலை நடக்குது, அப்புறம் வா” என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியைத் திறந்தார்கள். ஈரம் படாமல் துடைத்து ஒயரில் மாட்டினார். ஒன்றுமில்லை. கழற்றி மறுபடி மாட்டினார். மூன்றாவது தடவை உள்ளே மெல்லியதாக ஒரு முனகல் கிளம்பி, பிறகு சுற்ற ஆரம்பித்தது.

“உடனே பையனுக்கு ஃபோன் போடுங்க. எங்க வெச்சிருக்கான்னு கேளுங்க. போட்டோ கீட்டோவெல்லாம் மறந்துடுங்க.”

மகன் முதல் ரிங்கிலேயே எடுத்தான். அந்த டிஸ்கிலேயே இரண்டாவது பகுதியில், அவன் காலேஜ் பெயரில் இருக்கிற ஃபோல்டர் என்றான். அது திறக்கச் சுணங்கியது. ஒவ்வொரு பக்கமாக இறங்கியது. ஏழு பக்கம். ஏழாவது இறங்கியதும் அடுத்த ஃபோல்டருக்குப் போனார். டக் என்று ஒரு சத்தம். அதோடு அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழும்பவே இல்லை. மகளின் கல்யாணப் படம், பேரன் தவழ்ந்த வீடியோ எல்லாம் அதோடு சரி.

கடைக் கம்ப்யூட்டரிலிருந்தே மகனுக்கு அனுப்பினார். மணி அப்போது மூன்றுகூட ஆகவில்லை. பிறகு நிதானமாகப் புது டிரைவை லேப்டாப்பில் பொருத்தி, எல்லாம் புதிதாக ஏற்றிக் கொடுத்தார். லேப்டாப் எழுந்து வர முன்பு நான் சோறு வடிக்கும் நேரம் எடுத்தது, இப்போது கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. நான் அந்த அம்மாவிடம் கிழங்கான் வாங்கிக்கொண்டேன். “ஐஸுக்கு வாடகை வேணாம், புள்ளைக்கு நல்ல சேதி வந்தா சொல்லி அனுப்புங்க” என்றார்.

பஸ் கிளம்பியதும் ஃபோனை எடுத்துப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டேன். மீன்கார அம்மா “வேலை போயிடுச்சு” என்று என் வாயைத் திறக்க வைத்த பிறகு, மறுபடி அதை மூடிக்கொண்டு ஊருக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. விஷயத்தைச் சொல்லி, இன்றைக்குக் காகிதம் அனுப்பியிருக்கிறோம், கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாது, நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றேன்.

அதற்கு அவர் சொன்னது இது:

“எங்களுக்கு மறுநாளே தெரியுங்க. எங்க அக்கா மருமகன் அதே ரூம்லதானே இருக்காரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தோம். நீங்க பாட்டுக்கு நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னே சொல்லிக்கிட்டு இருந்தீங்களா, இன்னும் என்னென்ன மறைக்கறாங்களோன்னு எங்க வீட்டு ஆம்பளைங்க யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்து வேணாம்னு சொல்லிடலாம்னுகூடப் பேச்சு. வேலை இன்னிக்குப் போவும், நாளைக்கு வரும். நாங்க பொண்ணைக் குடுக்கறது பையனுக்கா, கம்பெனிக்கா?”

அடுத்த வாரம் மகனுக்கு அந்த வேலை கிடைத்தது. இரண்டு வருடம் பார்த்தான், அதுவும் போனது. இப்போது ஊரோடு வந்து கடை வைத்திருக்கிறான். பேசி வைத்தபடியே கல்யாணம் நடந்தது. மருமகள் இதை அவள் பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பாள், நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் சொல்லி அழுததைப் பக்கத்தில் இருக்கிற மனுஷரிடம் ஒரு வார்த்தை சொல்ல விடாமல் என்னைத் தடுத்தது மானமா, பெருமையா என்று தொழுது முடித்து உட்கார்ந்திருக்கும்போது சில நாள் கேட்டுக்கொள்வேன். பெருமைதான் என்று ஒப்புக்கொள்ள இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது.