நாற்பது பேரை மலையேற்றுகிறவர்

குற்றாலலிங்கம் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றிப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை.

மேலப்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அவர் கூட்டம் நடக்கும். நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி. நாற்பது ஆண்கள். கண்ணை மூடச் சொல்லி, ஹிப்னாடிசம் செய்து, பீடியையும் சிகரெட்டையும் விடவைப்பதுதான் அவர் தொழில். ஊரில் அதற்கு 'உறக்கக் கூட்டம்' என்று பெயர்.

அவர் மாஞ்சோலையில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். பத்தொன்பது வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற ஆளாகச் சேர்ந்தார். ஒருநாள் கையில் கத்தி பட்டு ஒரு அம்மா வந்திருக்கிறார். தையல் போட விடாமல் கத்துகிறார். குற்றாலலிங்கம் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, மணிமுத்தாறிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வருவதை ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆறு தையல். அந்த அம்மா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு டாக்டர் ஊசியை எடுத்தாலே முதலில் இவரைத்தான் கூப்பிடுவார். பின்னாளில் மதுரைக்குப் போய் மூன்று மாதம் ஏதோ ஒரு சான்றிதழ் வகுப்பும் முடித்தார். 2024-இல் தோட்டத்தை மூடி, மலையிலிருந்து எல்லோரும் இறங்கியபோது இவரும் இறங்கினார். வாடகை வீட்டு முன்னறையில் ஐந்து பேரோடு ஆரம்பித்தது, ஒரு வருடத்துக்குள் பந்திக் கூடத்துக்கு வந்துவிட்டது.

நான் எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள். முக்கூடலுக்கு மேற்கே ஊர். எம்.எஸ்சி. உளவியல், முதல் வகுப்பு. பஸ் நிறுத்தத்தில் என் படம் போட்ட பிளக்ஸ் மூன்று மாதம் நின்றது. மழையில் முகம் வெளுத்த பிறகும் யாரும் கழற்றவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் போதை மறுவாழ்வுப் பிரிவில் ஆலோசகர். எனக்குத் தனி அறை உண்டு. சுவரில் நுரையீரல் படம் உண்டு. நாளுக்கு இரண்டு பேர் வருவார்கள். அதில் ஒருவர் கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்பார்:

"சார், இந்த லிங்கம் அண்ணாச்சி கூட்டத்துக்கு எந்த பஸ்ல போணும்?"

பஸ் எண்ணைச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவேன். பிறகு ஒரு டீ குடிப்பேன்.

என் அப்பா பூதத்தான் வயல்வேலைக்குப் போகிறவர். ஐம்பத்தாறு வயது. நாளொன்றுக்கு ஒன்றரைக் கட்டு பீடி. போன வருடம் ஆவணியில் வலது கால் பெருவிரல் கறுத்தது. பீடிப் புகையால் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். "இன்னையோட நிறுத்தினா விரலோட போகும். இல்லேன்னா முழங்காலோட எடுக்க வேண்டியது வரும்."

நான் விடுவேனா? அப்பாவை என் அறைக்கே கூட்டிக்கொண்டுபோய் படம் காட்டினேன். நிகோடின் மூளையில் என்ன செய்கிறது என்று பலகையில் எழுதி விளக்கினேன். அப்பா கைகட்டிக் கேட்டார். "சரிய்யா" என்றார். வீட்டுக்கு வந்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். ஏழு தடவை எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். ஏழு தடவையும் கொட்டகை.

பிறகு ஒன்பது நாள் தொடர்ந்து அவர் சட்டையில் புகைவாடை இல்லை. என்னால் நம்ப முடியவில்லை. என் விளக்கம் மெல்ல உள்ளே இறங்கி வேலை செய்திருக்கிறது என்று டாக்டரிடமே போய்ச் சொன்னேன். எங்கள் ஊர் ஆட்டோக்காரர் மகேஷிடமும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"என்னவே சொல்லுதீரு? ரெண்டு ஞாயித்துக்கெழமையா ஒங்க அப்பாவ லிங்கம் அண்ணாச்சி கூட்டத்துல எறக்கிவிட்டதே நாந்தானவே! ஒமக்குத் தெரியாதா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா கிளம்பிப் போய் அரைமணி நேரம் கழித்து நானும் போனேன். அந்த மனுஷன் செய்கிற பித்தலாட்டத்தைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று பையில் நோட்டும் வைத்திருந்தேன்.

மண்டபத்துப் படிக்கட்டில் ஏழெட்டுப் பெண்கள் மடியில் முறத்தை, எங்கள் பக்கத்தில் சுளவு என்போம், வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே புருஷன் பீடியை விடுகிறான், வெளியே பெண்டாட்டி பீடி சுற்றுகிறாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அர்வா என்று ஒரு அக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "உள்ள எடமிருக்கு, போங்க தம்பி" என்றார்.

"நீங்களே இங்கன உக்காந்து பீடி சுத்துனா, அவரு எப்படிக்கா விடுவாரு?"

"அவரு குடிக்கிறத நிறுத்தட்டும். நான் சுத்துறத நிறுத்துனா அடுப்புல பூனைல்லா உறங்கும்? லிங்கண்ணனே ஒண்ணும் சொல்லல, நீங்க என்ன புதுசா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய்த் தூணோரம் நின்றேன்.

குற்றாலலிங்கம் குட்டையான ஆள். வெள்ளை வேட்டி, மேல்சட்டைப் பையில் ஒரு சீப்பு. மைக் கிடையாது. நாற்காலிகளுக்கு நடுவே பைய நடந்துகொண்டே பேசினார்.

"பஸ்ஸு செக்போஸ்ட்ட தாண்டிட்டு. கம்பியப் புடிச்சிக்கோங்க. இன்னா, மொத வளவு. ஒடம்பு இடது பக்கமா சாயுது, சாயட்டும்... காத்துல குளுமை வந்துட்டு பாத்தியளா? காது அடைக்கும். எச்சில முழுங்குங்க."

நாற்பது தொண்டைகள் ஒன்றாக ஏறி இறங்கின. சத்தியமாகச் சொல்கிறேன், நானும் முழுங்கினேன்.

"வலது கை மடியில கெடக்கட்டும். அதுக்கு இத்தன வருசமா ஓயாத வேல. வாய்க்கும் மடிக்கும் போய்ப் போய் வந்துது. இன்னைக்கு அது உறங்குது. உறங்குத புள்ளய யாரும் எழுப்பாண்டாம்."

மூன்றாவது வரிசையில் அப்பா இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய், யாரோ தூக்கிவைத்துக்கொண்டிருக்கிற குழந்தை மாதிரி இருந்தார். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. இருபத்தாறு வருடம் அவர் மகனாக இருக்கிறேன். எனக்கு ஒருநாளும் காட்டாத முகத்தை, மலையிலிருந்து இறங்கி வந்த ஒருத்தருக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டில் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். "இனிமே அங்க போக வேண்டாம்."

"ஏம்லே? நல்லாத்தான இருக்கு."

"அவரு படிச்சவரு இல்லப்பா. நான் முறையாப் படிச்சிருக்கேன். அத நானே செய்வேன்."

அப்பா கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "படிச்சிருக்க, இல்லங்கல. அவரு பேசுனா உறக்கம் வருது. நீ பேசுனா பயமால்லா இருக்கு."

அதற்குப் பிறகு என்னை யார் நிறுத்த முடியும்? எங்கள் ஊர் சமுதாய நலக்கூடத்தில் நாள் குறித்தேன். அப்பாவையும் சேர்த்துப் பதினோரு பேர். புத்தகத்தில் உள்ளபடி பத்திலிருந்து ஒன்றுவரை எண்ணி இறக்கினேன். வெறுப்பூட்டல் என்று ஒரு முறை உண்டு. ஒரு பொருளின் மேல் அருவருப்பை ஏற்றிவிடுவது. குற்றாலலிங்கத்துக்கு இது தெரியவே தெரியாது என்ற நினைப்பே எனக்குத் தெம்பாக இருந்தது. "பீடி இலையின் வாசனை இன்றிலிருந்து உங்களுக்குச் செத்த எலியின் நாற்றம். பீடித் தூளின் வாசனை மூக்கில் பட்டால் குடலைப் புரட்டும்" என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னேன். கண்ணைத் திறப்பதற்கு முன்பே இரண்டு பேர் ஓங்கரித்தார்கள். அப்பாவும் முகத்தைச் சுளித்தார். எனக்கு அப்படியொரு பெருமை.

வீட்டு நடையில் அம்மா ஆறுமுகத்தாய் சுளவோடு உட்கார்ந்திருந்தாள். ஊறப்போட்ட இலை ஈரத்துணிக்குள், தூள் மடியில். அப்பா வாசலில் கால் வைத்தார். அப்படியே திரும்பி முற்றத்தில் வாந்தி எடுத்தார்.

அன்று ராத்திரி அவரால் வீட்டுக்குள் சாப்பிட முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அம்மாவின் சேலையில், கையில், அவள் போட்ட சோற்றில் எல்லாம் அந்த வாசம். மற்றப் பத்து வீட்டிலும் இதே கதை. சாயங்காலம் பெண்கள் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"எய்யா எம்.எஸ்சி., எங்க வீட்டு ஆம்பள என்னயக் கண்டாலே மூக்கப் பொத்துதான். இதுக்கு என்ன மருந்து படிச்சிருக்க?"

அம்மா அவர்களோடு சேர்ந்து கத்தவில்லை. அவர்கள் போன பிறகுதான் பேசினாள். "இந்த எலையச் சுத்தித்தாம்லே ஒன்ன காலேஜுக்கு அனுப்புனேன். அது ஒனக்குச் செத்த எலியா?"

நான் அப்பாவை உட்காரவைத்து, போட்டதை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். அவர் கண்ணை மூட மறுத்துவிட்டார். "ஒம் முன்னால மூட மாட்டேன்லே. இன்னும் என்னத்தச் சொல்லி வைப்பியோ."

லிங்கத்திடம் போகவும் மறுத்தார். "எம் பையன்ட்ட போய்க் கெட்டுக்கிட்டு வந்தேம்னு அந்த மனுசன்ட்ட எப்படிச் சொல்ல?" பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். ஐந்தாம் நாள் அவர் வாயில் சிகரெட்டைப் பார்த்தேன்.

"அப்பா!"

"பீடி எலையத்தானலே நாறும்ன? இதுல எல கெடையாது." கேலியாகச் சொல்லவில்லை. தோற்றுப்போனவர் மாதிரிதான் சொன்னார். "வீடும் இல்ல, பீடியும் இல்ல. நான் எங்கன போய் இருக்க?"

அந்த வாரம் இரண்டாவது விரலும் கறுத்தது. அடுத்த வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை என்று டாக்டர் நாள் குறித்தார். அதுவரை ஒரு புகைகூட உள்ளே போகக்கூடாது, போனால் முழங்கால்தான்.

சனிக்கிழமை குற்றாலலிங்கம் வீட்டுக் கதவைத் தட்டினேன். மருத்துவமனையின் அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பனியனோடு உட்கார்ந்து கேட்டார்.

"சரியா என்ன வார்த்த சொன்னிய? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எல வாசத்தையா ஏசுனிய?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "தம்பி, நீங்க எந்த ஊரு?"

"முக்கூடல் பக்கம்."

"அங்கன சுளவு இல்லாத வீடு எத்தன இருக்கு?"

 தேயிலையைத் தவிர வேறு இலை பார்த்திராத மலைக்காரர், இறங்கி வந்து ஒரு வருடத்தில் பார்த்ததை, அந்தச் சுளவுக்குப் பக்கத்திலேயே தவழ்ந்து வளர்ந்த நான் பார்க்கவில்லை. அந்த நேரத்திலும் எனக்கு வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நாளைக்கு அவுகளக் கூட்டிட்டு வாங்க, நான் கூப்பிட்டேம்னு சொல்லுங்க" என்றார். "ஆனா ஒண்ணு. கட்டுனவருதான் அவுக்கணும். நான் மலையேத்தி விடுதேன். எலையப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை அப்பா அதே மூன்றாவது வரிசை. பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டியது. வளைவுகள் வந்தன. நாற்பது பேரும் எச்சில் முழுங்கினார்கள். குற்றாலலிங்கம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய்க் குனிந்தேன். மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம் எதுவும் வாயில் வரவில்லை. கல்லூரிக்குப் போனதிலிருந்து அப்பாவிடம் நான் பேசாமல் விட்டுவிட்ட வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"வீட்டு நடையில ஆறுமுகத்தா உக்காந்திருக்கா. சுளவு மடியில கெடக்கு. எல ஊறுன வாசம் வருது. அது ஒண்ணும் செய்யாது. இத்தன வருசமா நம்ம வீட்டுல கெடந்த வாசந்தான். வயித்தப் பொரட்டாது. உள்ள போயி உக்காந்து சோறு திங்கலாம். கை மட்டும் உறங்கட்டும். பீடிக்கும் உறங்கட்டும், சிகரெட்டுக்கும் உறங்கட்டும்."

அப்பாவின் நெற்றி விரிந்தது. வாய் லேசாகத் திறந்தது. அந்த முகம். இந்தத் தடவை என் பேச்சுக்கு.

வீட்டுக்குப் போனதும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மற்றப் பத்துப் பேரையும் அடுத்த வாரம் மகேஷின் ஆட்டோவில் இரண்டு நடையாகக் கொண்டுபோய்ச் சரிசெய்தோம். இதற்கிடையில், குறித்த வியாழக்கிழமையே அப்பாவின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் அப்பாவிடமே இருக்கிறது. ஐந்து மாதமாகப் புகை இல்லை. இது போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். எனக்கும் போதும்தான்.

ஆனால் அன்று கூட்டம் முடிந்து, பஸ்ஸை மலையிலிருந்து இறக்கி, எல்லோரும் கண் திறந்தபோது, அப்பா எழுந்து நொண்டிக்கொண்டே நேராகக் குற்றாலலிங்கத்திடம் போனார். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மத்த நாளெல்லாம் நல்லா இருக்கும். இன்னைக்கு நீங்க எங்காதுக்குள்ள வந்து பேசுனிய பாத்தியளா, அதுமாதிரி எனக்கு யாருமே பேசுனது கெடையாது."

குற்றாலலிங்கம் அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கண்ணால் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தேன்.