சும்மா விட்ட பெட்டி

ரங்கூனிலிருந்து ஊர் திரும்பிய அந்தப் பேரையூர்க்காரர், ரயிலில் எனக்கு எதிரே தம் டிரங்குப் பெட்டியின் மீதே உட்கார்ந்து வந்தார். பலகையில் இடம் இருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெட்டியை விட்டு நகரக் கூடாது என்று முடிவு செய்திருப்பார்.

"ரங்கூன் நேர்மையான ஊருண்ணே," என்றார்.

"அங்கே லஞ்சமே கிடையாதா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா? வாங்குனா வேலைய முடிச்சுருவான். அம்புட்டு நாணயம்."

மதுரை ஸ்டேஷன் வாசலில் சாமான் சோதிக்கும் குமாஸ்தா பெட்டியை வாங்கி எடை போட்டார். அவர் கேட்காமலே பேரையூர்க்காரர் ஒரு பட்டுக் கைலியை எடுத்து நீட்டினார். குமாஸ்தா அதைத் திருப்பிக் கொடுத்து, "எடை சரியாத்தான் இருக்கு, கொண்டு போங்க" என்றார்.

பேரையூர்க்காரர் போகவில்லை. பெட்டியை ஓரமாக இழுத்துப் போட்டு மறுபடி அதன் மீது உட்கார்ந்துவிட்டார். வெளியே பேரையூர் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் போயிடுமே," என்றேன்.

"போகட்டும்ண்ணே. வாங்காம விடுறான்னா, வெளிய எவனையோ நிறுத்தி வச்சிருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் பையில் இருந்தது இரண்டு அழுக்கு வேட்டியும் இரவல் புத்தகம் ஒன்றும்தான். ஆனாலும் குமாஸ்தா என்னைப் பார்த்து, "நீங்களும் போங்க சார்" என்று புன்னகைத்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று அடுத்த வாசலைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போனேன்.