ஈ.பி.எஃப் இல்லாத பட்டதாரி

ஊராரின்ர வேலைக்கு விண்ணப்பம் நிரப்பி நிரப்பியே கை தேயிற தொழில், கொமினிகேசன் கடைத் தொழில். திருகோணமலையில துறைமுக வாசலுக்குக் கிட்ட, போட்டோக் கொப்பி மெசினுக்கும் பிரிண்டருக்கும் நடுவில, கணினிப் பட்டம் முடிச்ச நான் ஆறு வருசமா நிக்கிறன். வெள்ளிக்கிழமை அரசாங்கக் கெசற் வந்தா வேலை விளம்பரத்தை முதல் ஆளாத் தேடிற பட்டதாரிகளே, இது உங்களுக்குத்தான்.

கடல் தண்ணி

பக்கத்துச் சல்லி ஊரில இருந்து ஒரு அண்ணை வந்தார். போன் கடலுக்குள்ள விழுந்திட்டுதாம். துவாயில சுத்திக் கொண்டந்து மேசையில வச்சார். "அண்ணை, நான் படிச்சது புரோகிராம் எழுத. போன் திருத்த ஏலாது" எண்டன். அவர் போகேல்ல. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, கொப்பி மெசினைப் பாத்தார், பிறகு என்னைப் பாத்தார்.

"நாலு வருசம் கம்பசில படிச்சனீங்கள் எண்டு மச்சான் சொன்னவன். இந்தக் கொப்பி அடிக்கவோ தங்கச்சி அவ்வளவு படிப்பு?"

தோசம்

எனக்கும் ஒரு வேலை வந்தது. படிச்சு முடிச்ச கையோட, கொழும்பில ஒரு சொப்ட்வெயார் கொம்பனி. கடிதத்தில கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் பாக்கி. சேர்ந்தா என்ர பேரில ஈ.பி.எஃப், அதுதான் கொம்பனி வேலைக்காரருக்குச் சம்பளத்தில பிடிக்கிற சேமலாப நிதி, பதிவாகும். அது பதிஞ்ச பட்டதாரிக்கு அரசாங்க நியமனம் கிடையாது எண்டு அந்த நேரம் ஊரெல்லாம் கதை. எங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளைக்குச் செவ்வாய் தோசத்துக்கு அடுத்தபடி ஈ.பி.எஃப் நம்பருக்குத்தான் பயம்.

அப்பா துறைமுகத்தில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். பெரியப்பா வாத்தியார், அவரும் பென்சன். ரெண்டு பேரையும் கேட்டன். கேட்டிருக்கவே கூடாது. நான் எழுதின புரோகிராம் பிழையில்லாமல் ஓடினா சோறு தண்ணி மறக்கிற ஆள் நான், அதை அவையிட்ட எப்பிடிச் சொல்றது எண்டு தெரியேல்ல. கடிதம் அலுமாரிக்குள்ள போயிட்டுது. பெரியப்பா தேத்தண்ணியை ஆறுதலாக் குடிச்சு முடிச்சார்.

"பேரில ஒண்டும் பதியாமல் இரு பிள்ளை. அரசாங்கம் கூப்பிடாமலோ விடப்போகுது?"

நேர்முகம்

கூப்பிட்டது, அஞ்சு வருசம் கழிச்சு. பக்கத்துக் கதிரையில கந்தளாய்ப் பிள்ளை ஒண்டு. கொம்பனியில வேலை செய்தவவாம், ஈ.பி.எஃப் இருக்கெண்டு அழாக்குறையா இருந்தா. நான் ஆறுதல் சொன்னன். உள்ளுக்குள்ள எனக்குக் கொஞ்சம் பெருமை. அதை நினைச்சா இப்ப வெக்கமாக் கிடக்கு.

நேர்முக அறைக்குள்ள ஈ.பி.எஃப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. அதெல்லாம் இப்ப பாக்கிறேல்லையாம். கேட்டது அனுபவம். வேலை அவவுக்குத்தான் கிடைச்சது. என்ர பைலை அதிகாரி ரெண்டு தரம் புரட்டிப் பாத்திட்டுக் கண்ணாடியைக் கழட்டினவர்.

"பட்டம் நல்லாயிருக்கு. இவ்வளவு காலமும் என்ன செய்தனீங்கள், மிஸ்?"

பிரிண்ட்

போன கிழமை லிங்கநகர்த் தங்கச்சி ஒருத்தி கடிதம் ஒண்டு பிரிண்ட் எடுக்க வந்தவ. அவவும் கணினிப் பட்டம், இப்பதான் முடிச்சவ. கடிதத்தைத் திறந்தன். அதே கொழும்புக் கொம்பனி, தலைப்பில அதே நீல எழுத்து. "ஈ.பி.எஃப் விழுந்திடும், கையெழுத்து வைக்காதை எண்டு அப்பா சொல்றார் அக்கா" எண்டா.

அந்தச் சட்டம் இப்ப இல்லை எண்டும், என்ர கதை முழுக்கவும் சொன்னன். பேனையை அவவின்ர கையில குடுத்தன். பிரிண்ட் எடுத்த கடிதத்தை ஒருக்கா வாசிச்சிட்டுக் கையெழுத்து வச்சா. ஸ்கான் பண்ணி நானே அனுப்பினன். வயித்தெரிச்சல் இல்லை எண்டு பொய் சொல்ல மாட்டன், நல்லா எரிஞ்சது. படியில இறங்கினவ திரும்பி நிண்டா.

"அப்ப உங்களுக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லையா அக்கா?"

சொல்ல ஆக்கள் இருந்திருப்பினம், நான்தான் தேடித் தேடிப் பென்சன் எடுக்கிறவையிட்ட மட்டும் கேட்டனான்.