மர்ஷூதாவின் பல்லும் என் பல்லும்

சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் எந்தக் கல்யாண வீட்டில் கேட்டாலும் என் தங்கச்சி மர்ஷூதாவைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். மணப்பெண்ணுக்கு உடுப்பு உடுத்தி, தலை கட்டி, முகம் சோடிக்கிறவள் அவள். அழுது வீங்கின முகமும் அவள் கை பட்டால் பெருநாள் முகமாகிவிடும். கூடப்பிறந்த ராத்தா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கொஞ்சம் பொல்லாத வாய்க்காரி. நல்லா இல்லையென்றால் அவள் முகத்துக்கே சொல்லிவிடுவேன்.

ஊரையெல்லாம் அழகாக்குகிறவளுக்கு மேல்வரிசைப் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கையால் வாயைப் பொத்தித்தான் சிரிப்பாள். வேலையில் நிற்கும்போது இரண்டு கையும் மணப்பெண்ணின் தலையில் இருக்கும். எதால் பொத்துவது? அதனால் அங்கே சிரிக்கவே மாட்டாள். "உங்கட தங்கச்சிக்கு என்ன, அவ்வளவு பெருமையா?" என்று எத்தனையோ வீட்டில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் சோடிக்கிற சாமான் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிடுவாள்.

போன நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு நாள் சொன்னாள்: "ராத்தா, நான் பல்லுக்குக் கம்பி போடப்போறன். வெளிய தெரியாத செராமிக்."

"றோட்டால போனா முகத்த மூடிட்டுத்தானே போறாய். உனக்கு என்னத்துக்குடி தெரியாத கம்பி? எல்லாரும் போடுற இரும்புக் கம்பி போதாதா?"

"பொண்ணுக்கிட்ட ஒரு சாண் தூரத்துல நிண்டு வேலை செய்றன் ராத்தா. அவட கண்ணு கண்ணாடியில இரிக்கணும். என்ட வாயில இரிக்கப்படா."

"சரி, போவம்" என்று நானே ஒத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

கல்முனையில் பல் டொக்டரிடம் போனோம். நல்ல மனுசி. இரண்டு வகையையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். செராமிக் பல்லின் நிறத்திலேயே இருந்தது. "இது பார்வைக்குத் தெரியாது. ஆனா இரும்ப விடக் கொஞ்சம் தடிப்பு, இறுக்கமானதக் கடிச்சா உடையும். கட்டுற சின்ன ரப்பர் மஞ்சள் பட்டா நிறம் மாறும். வாற நேரமெல்லாம் புதுசு போட்டுத் தருவன்" என்றார்.

"மஞ்சள் போடாத பாலாணத்தோட சமாளிச்சிடுவன் டொக்டர்" என்றாள் இவள். சோற்றுக்கு மஞ்சள் போட்ட மீன் ஆணம் இல்லாவிட்டால் பீங்கானைத் தள்ளிவைத்துவிட்டு எழும்புகிற ஆள்!

"பல்லால வேற ஏதும் வேலை செய்வீங்களா?"

"ஒண்டுமில்ல டொக்டர்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அல்லாஹ்வே, பச்சப் பொய்! தலையில குத்துற கறுத்தக் கிளிப்பு முழுக்க இவ பல்லாலதான் திறக்கிற டொக்டர்!"

உண்மைதான். ஒரு கையில் முடியைப் பிடித்து, மற்றக் கையால் கிளிப்பை வாய்க்குக் கொண்டுபோய், முன்பல்லால் விரித்துக் குத்துவாள். கொண்டையும் முக்காடும் அசையாமல் நிற்க ஒரு பெட்டிக் கிளிப்பு போகும்.

டொக்டர் மர்ஷூதாவைப் பார்த்தார். "எந்தக் கம்பியெண்டாலும் அது கூடாது. செராமிக்கெண்டா பட்டெண்டு உடைஞ்சிடும். அடுத்த கல்யாணத்துல பல்லுப் படாம வேலை செஞ்சு பாருங்க. ஏலுமெண்டா வாங்க, போடுவம்."

அடுத்த கல்யாணம் மருதமுனையில், றிப்னா என்ற பிள்ளைக்கு. பெட்டி தூக்க வழமைபோல நானும் போனேன். முகம் சோடிக்கும் வரைக்கும் பிரச்சினையில்லை. தலைக்கு வந்ததும் தொடங்கியது. ஒற்றைக் கையால் விரித்தால் கிளிப்பு வழுக்கி விழுகிறது, குனிந்து எடுத்தால் பிடித்த முடி கழன்றுவிடுகிறது. நகம் ஒன்றும் உடைந்தது. கொண்டை பாதியில் நிற்க, வெளியே யாரோ சத்தம் போட்டார்கள்: "மாப்பிள வந்துட்டாரு!"

மர்ஷூதாவின் கை கிளிப்போடு தன்பாட்டில் வாய்க்குப் போனது. உதட்டருகில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது.

"எனக்குச் சரிவராது ராத்தா. கம்பிய விட்டுருவம்."

இத்தனை வருஷம் வாயைப் பொத்தித் திரிந்தவள், கடைசியில் ஒரு கறுத்தக் கிளிப்புக்குப் பயந்து ஆசையை விடுவதா? கண் முன்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன கல்லா?

"இங்க கொண்டா அத!" கிளிப்புப் பெட்டியைப் பறித்தேன். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, என் முன்பல்லால் ஒரு கிளிப்பை விரித்து நீட்டினேன். "நான் திறக்கிறன், நீ குத்து."

நான் திறக்க, அவள் குத்தினாள். இவ்வளவு வேகமாக அவள் தலை கட்டி நான் பார்த்ததேயில்லை. கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த றிப்னா, "ராத்தா, எலி கொறிக்கிற மாதிரி இரிக்கி" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். இரண்டு கையும் முடியில் இருக்க, மர்ஷூதா சத்தமாகச் சிரித்தாள். மணப்பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவில் கேட்டேன்: "பொத்தாமச் சிரிக்க ஏலுதுதானே. மறுகா என்னத்துக்குக் கம்பி?"

"இண்டைக்குச் சிரிச்சது நல்லா இரிந்திச்சி ராத்தா. எனக்கு இனி எல்லாக் கல்யாணத்துலயும் சிரிக்கணும். கம்பி போடத்தான் போறன்."

போட்டுவிட்டாள், செராமிக்தான். முதல் கிழமை வாய் புண்ணாகிக் கஞ்சியோடு கிடந்தாள். ரப்பர் மஞ்சளாகத்தான் செய்கிறது, மீன் ஆணத்தை விடமாட்டேன் என்கிறாள். மணப்பெண்கள் இதுவரைக்கும் ஒருத்தியும் கம்பியைக் கவனிக்கவில்லை. கல்யாண வீடுகளில் என் கதிரை அவள் பக்கத்திலேயே இருக்கிறது.

போன முறை ரப்பர் மாற்றப் போனபோது, வந்தது வந்தாயிற்று என்று என் பல்லையும் காட்டினேன். டொக்டர் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். "முன்பல்லுல சின்னதா ஒரு சில்லுப் போயிருக்கே. பல்லால ஏதும் வேலை செய்வீங்களா?"

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மர்ஷூதா வாய்விட்டுச் சிரித்தாள். கை இரண்டும் மடியிலேயே இருந்தன.