பெண் வீட்டார் நாற்பது பேர்

எனக்கு ஒன்பது வயதில் திடீரென்று ஓர் அக்கா கிடைத்தாள். அதற்கு முன்பே மூன்று வருடமாக ஞாயிறுதோறும் சபையில் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவள்தான். அம்பத்தூரில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. பெற்றோர் இல்லை. அனாதைப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு ஹோமில் வளர்ந்து, அங்கிருந்து பெண்கள் ஹாஸ்டலுக்கு வந்தவள்.

எங்கள் சபை சென்னீர்குப்பத்தில் ஒரு மாடியின்மேல் தகரக் கூரை போட்ட கூடம். சித்திரை மாதத்தில் பாஸ்டர் நரகத்தைப் பற்றித் தனியாகப் பிரசங்கிக்க வேண்டிய அவசியமே இருக்காது. குழந்தை குட்டி எல்லாம் சேர்த்து எண்ணினால் நாற்பது பேர் தேறுவோம்.

ஆவடியிலிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மாவுக்குத்தான் தயக்கம். பெண்ணுக்கென்று யார் இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அறிவித்தார்.

"வர்ற ஞாயிறு சாயந்தரம் நம்ம பொண்ணைப் பார்க்க வர்றாங்க. நாமதான் பொண்ணு வீடு."

அவ்வளவுதான், கூடம் சந்தையாகிவிட்டது. குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டும் மாமா முதல் ஆளாக எழுந்தார். "தாய்மாமன் நான்தான், சொல்ட்டேன். வேற எவனும் கைய தூக்கக் கூடாது!" ஹால் கொஞ்சம் பெரியது, மின்விசிறி சுற்றும் என்பதால் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

அந்த ஒரு வாரம் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மா என்னிடம், "நீ தங்கச்சி மாதிரி அக்கா கூடவே இரு, போதும்" என்று சொல்லியிருந்தாள். 'மாதிரி' என்ற சொல்லை நான் வசதியாக விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடா வருடம் எனக்கு ஆட்டுக்குட்டி வேஷம்தான், வசனமே கிடையாது. இப்போது வசனத்தோடு ஒரு வேஷம் வாய்த்திருக்கிறது. கண்ணாடி முன் நின்று "நான்தான் தங்கச்சி" என்று ஏழெட்டு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. சபை நாற்காலிகள் லோடு ஆட்டோவில் வந்து இறங்கின. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர். நாங்கள் நாற்பது பேர், ஹாலிலும் வராந்தாவிலும் மாடிப்படியிலுமாக. செருப்புகள் தெருவரைக்கும் போயிருந்தன. மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். அக்காவின் புடவை நுனிபோல ஒட்டிக்கொண்டிருந்த என்மேல் அவர் கண் விழுந்தது.

"நீ யாரும்மா?"

"நான்தான் தங்கச்சி."

"சித்தப்பா பொண்ணா?"

இதற்கு நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "இல்ல, கூடப் பொறந்தவ. நானும் அக்காவும் ஒரே தொட்டில்லதான் தூங்கினோம்."

அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. மாப்பிள்ளையின் சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணுக்கு யாரும் இல்லன்னுதானே சொன்னீங்க? இப்போ கூடப் பொறந்ததுன்னு ஒண்ணைக் காட்டுறீங்க. ஆளுங்களைக் கூட்டி வெச்சு ஏமாத்தப் பார்க்குறீங்களா?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகச் சுருங்கிப்போனேன். அக்காதான் எழுந்து நின்றாள்.

"அவ சின்னப் பொண்ணுங்க, ஆசையில சொல்லிட்டா. எனக்கு அப்பா அம்மா கிடையாது. ஹோம்லதான் வளந்தேன். இங்க இருக்கிற யாரும் எனக்கு ரத்த சொந்தம் இல்ல." சொல்லிவிட்டுக் கையிலிருந்த பஜ்ஜித் தட்டை மாப்பிள்ளையின் அம்மா பக்கம் நீட்டினாள்.

ஆட்டோ மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"போன வருசம் இவ டெங்கு வந்து படுத்துகினு இருந்தப்போ பதினோரு நாளு என் ஊட்டுக்காரிதான் ஆஸ்பத்திரில கூட இருந்தா. ரத்தம் ஏத்தணும்னாங்க. நானு, பாஸ்டரு, அதோ நிக்கிறானே அந்தத் தம்பி, மூணு பேரும் குட்தோம். ரத்த சொந்தம் இல்லன்னு நீ இன்னாம்மா சொல்றே?"

மாடிப்படியில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. குத்திக் காட்டும் தொனியும் அவரிடம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்.

"அதெல்லாம் சரிங்க. நாளைக்கு மாசமானா, தலைப்பிரசவத்துக்கு இவ எந்த வீட்டுக்குப் போவா?"

"இந்த வீட்டுக்குத்தான்" என்றாள் என் அம்மா.

சமையலறையிலிருந்து ஆட்டோ மாமாவின் மனைவி கரண்டியோடு வெளியே வந்தார். "அதெப்படிக்கா? ஆஸ்பத்திரில கூட இருந்தது நானு. எங்க ஊட்டுக்குத்தான் வரணும்."

"எங்க வீட்ல மாடிப்படி இல்ல. புள்ளத்தாச்சிக்கு அதான் நல்லது" என்றார் பாஸ்டரின் மனைவி.

"பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு எங்க வீடுதாங்க பக்கம்!" என்று வராந்தாவிலிருந்து ஒரு குரல்.

கல்யாணமே நிச்சயமாகவில்லை, பிள்ளைப்பேற்றுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. பாஸ்டர் ஜெபம் செய்ய ஆரம்பிப்பதுபோல இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. (கடைசியில் ஜெயித்தது எங்கள் வீடுதான். இரண்டு வருடம் கழித்து என் கட்டிலை அக்காவும் குழந்தையும் எடுத்துக்கொள்ள, மூன்று மாதம் நான் பாயில் படுத்தேன்.)

மாப்பிள்ளையின் அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ஒரு சம்பந்தியோட சண்டை போடலாம். நாற்பது சம்பந்தியோட என்னால ஆகாதுப்பா!" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து மல்லிகைப்பூவை எடுத்து அக்காவின் தலையில் வைத்துவிட்டார். கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. எல்லாரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன், என் குற்றம் அந்தச் சத்தத்தில் மறந்துபோகட்டும் என்று.

அவர்கள் போன பிறகு பார்த்தால், அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அம்மாவின் தோளில் முகம் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள். மெல்லப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"நான் பொய் சொன்னதுக்கா அக்கா அழற?"

கண்ணைத் துடைக்காமலே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எதுடி பொய்?"

"தங்கச்சின்னு சொன்னது."

"தொட்டில் மட்டுந்தாண்டி பொய்" என்றாள்.

மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. தொட்டிலைக் கழித்தால் மீதி என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அண்டாவின் அடியில் கொஞ்சம் கேசரி மிச்சமிருந்தது, போட்டிக்கு இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். மடியிலிருந்து குதித்து ஓடிவிட்டேன்.