தொட்டியில் ஏறிய கோரை

மாடி வீட்டு ஜெயசுதா ஒரு செடி வளர்த்தாள். வளர்த்தாள் என்பதைவிட, அதற்குப் பணிவிடை செய்தாள் என்று சொன்னால்தான் சரி. கரியாலூருக்கு அருவி பார்க்கப் போனவள், அருவியைப் பார்த்தாளோ இல்லையோ, செடியோடு வந்து இறங்கினாள். இலை கிடையாது, பூ கிடையாது. பச்சைத் தண்டுகள் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு நிற்கும். ‘ஸ்பைரல் ரஷ்’ என்று பெயராம். வேர் எப்போதும் ஈரத்திலேயே இருக்க வேண்டுமாம். அதற்காகத் தொட்டிக்குக் கீழே ஒரு தட்டு, தட்டு நிறையத் தண்ணீர், அதுவும் கேன் தண்ணீர். கள்ளக்குறிச்சி வெயிலில் நாங்கள் குடத்தை வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்துக் கிடப்போம். இந்தச் செடி மகாராணி மட்டும் தட்டில் காலை நனைத்துக்கொண்டு நிற்பாள். தட்டு நிரம்பி வழிந்தால் கீழ் வீட்டில் நான் காயவைத்த வடகத்தில்தான் சொட்டும். கேட்டால், அது சுத்தமான தண்ணீர்தான் அக்கா என்பாள்.

சித்திரை மாதம் புருஷனும் பெண்டாட்டியும் வடநாட்டுக்குச் சுற்றுலா கிளம்பினார்கள். செடி தாகத்தில் செத்துவிடுமே! அப்போதுதான் அவள் புருஷன் தமிழரசனுக்குத் தனக்கு ஓர் அம்மா இருக்கும் ஞாபகம் வந்தது. களமருதூரிலிருந்து அந்த அம்மாவை, எனக்குச் சின்னப்பொண்ணு அக்காவை, வரவழைத்தான்.

அக்கா கூலிக்குக் களை எடுப்பவள். அவள் ஊரில் யார் கழனியில் களை எடுப்பு என்றாலும் முதலில் இறங்குவது அவள்தான். நெல்லுக்குள் கோரை முளைத்தால் மேலே கிள்ளிப் பிரயோஜனம் இல்லை. வேரோடு பிடுங்கி, வரப்பு வெயிலில் தலைகீழாகப் போட வேண்டும். இல்லாவிட்டால் கிடந்த இடத்திலேயே மறுபடி வேர் விடும். அப்படிக் குனிந்து பிடுங்கித்தான் புருஷன் இல்லாத வீட்டில் தமிழரசனைப் படிக்க வைத்தாள். படித்தவன் இங்கே வேலை, மாடி வீடு, மனைவி என்று வந்துவிட்டான். தீபாவளிக்குத் தவறாமல் சேலை அனுப்புவான். நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது.

ஒரு வாரம் வீடு பார்க்க வந்தவள் மூட்டையைப் பார்த்து எனக்கே திக்கென்றது. இருக்கிற சேலை எல்லாம் அதில் இருந்தது, புருஷன் படமும் இருந்தது. என்னிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“போன மழையில வூட்டுச் செவுரு ஒரு பக்கம் உக்காந்துடுச்சு தங்கச்சி. தனியா படுக்க பயமா இருக்குது. ஆனா நானா கேக்கமாட்டேன். இரும்மான்னு அவன் வாயால சொல்லணும்.”

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய ஜெயசுதா, பால்கனியில் இருக்கிற தொட்டிச் செடிக்கு மட்டும் தண்ணீர் காயவிடாதீர்கள் அத்தை என்று படியிலிருந்தே கத்திவிட்டுப் போனாள். எந்தச் செடி, எப்படி இருக்கும் என்று சொல்ல அவளுக்கு வாய் வலித்தது போலிருக்கிறது.

மறுநாள் காலை அக்கா சிரித்த முகத்தோடு என்னை மேலே கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். தொட்டி சுத்தமாக இருந்தது, பெருக்கிவிட்டது போல. மகாராணி மொட்டைமாடி வெயிலில் தலைகீழாகக் கிடந்தாள், வேரெல்லாம் வானத்தைப் பார்க்க.

“தொட்டி பூராவும் கோரை மண்டிக்கினு இருந்துது தங்கச்சி. பாவம், அந்தப் பொண்ணு வச்ச செடிய அப்படியே முழுங்கிடுச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வடகத்துக்கு விடிவு வந்தது என்று உள்ளுக்குள் சந்தோஷமும் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டும் போய்விட்டது. ‘நீ பிடுங்கியதுதான் அக்கா அந்தச் செடி’ என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா நம்பவில்லை. கோரையை யாராவது தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? கோரைக்கு வந்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து நட்டுப் பார்த்தோம். வெயில் தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தது.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இதற்காகத் தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்களா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் எனக்கு அழுகை முட்டியது, கூடவே மாடி வீட்டார் மேல் ஆத்திரமும் வந்தது. சாயங்காலம் ஜெயசுதா வீடியோ காலில் வந்து செடியைக் காட்டச் சொன்னபோது, அக்கா போனைத் திருப்பத் தெரியாதவள் போல மின்விசிறியையே காட்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். வாய்க்கால் ஓரத்தில் உருண்டைத் தண்டுக் கோரை மண்டிக் கிடந்தது. ஆயுசு முழுக்கக் கோரையைப் பிடுங்கி எறிந்தவள், அன்றைக்கு வேரில் ஒட்டிய சேறு உதிராமல் மடியில் ஏந்திக்கொண்டு வந்தாள். நட்டாயிற்று. ஆனால் அது குச்சி மாதிரி நிமிர்ந்து நின்றது. ஒவ்வொரு தண்டையும் கரண்டிக் காம்பில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, காலையில் அவிழ்த்தோம். மத்தியானம் வரைக்கும் மானம் காத்தது. பிறகு விறைப்பாக எழுந்துகொண்டது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள்; கோரையைச் சுருட்டவும் முடியாது என்று எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

வேறு வழி? அக்கா தண்ணீராக ஊற்றினாள். எழுந்ததும் ஊற்றுவாள், சாப்பிட உட்காரும் முன் ஊற்றுவாள், தட்டைத் தொட்டுப் பார்த்து மறுபடி ஊற்றுவாள். தனக்கு ஒரு வாய் குடித்தாளோ என்னவோ! என் வடகம் கூழாகவே திரும்பிவிட்டது. கோரைக்குச் சொல்லவா வேண்டும்? அவர்கள் திரும்பி வருவதற்குள் தளதளவென்று பால்கனிக் கம்பிக்கு மேலே தலையை நீட்டிவிட்டது.

வந்த அன்றைக்கே நானும் ஏதோ சாக்கில் மேலே போய் நின்றேன். ஜெயசுதா பெட்டியை வைத்துவிட்டு நேராகச் செடியிடம் போனாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். செடி இவ்வளவு ஆரோக்கியமாக எப்படி ஆனது என்று ஜெயசுதாவுக்கு ஒரே பரவசம். சத்து ஏறியதால் சுருள் நிமிர்ந்துவிட்டதாம், அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். படம் பிடித்துச் செடிக் குழுவில் போட்டாள். குழுவில் இருந்த மேதாவிகளும் ஆமாம் என்றார்கள். எனக்கு நாக்கு நமநமவென்றது, அக்காவுக்காக அடக்கிக்கொண்டேன்.

காபி குடிக்கும்போது ஜெயசுதா சொன்னாள்:

“அத்தை, நீங்க இங்கயே இருந்துடுங்களேன்.”

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவள் இப்படிச் சிரித்திருப்பாளா என்று தெரியவில்லை. ஜெயசுதா அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாளா?

“நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். செடிக்குத் தண்ணி ஊத்த ஆளே இல்ல.”

தமிழரசன் போனைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்று தலையாட்டினான். எனக்கு அவனை ஓர் அறை அறைய வேண்டும் போலிருந்தது.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். கோபமே இல்லாமல் மகனிடம் கேட்டாள்.

“செடி இல்லன்னா நான் இருக்கலாமாடா தமிழு?”

அது என்ன கேள்வி என்று அவன் முனகினான், நிமிரவில்லை. செடிதான் இருக்கிறதே அத்தை, ஏன் இல்லாமல் போகிறது என்று ஜெயசுதா சிரித்தாள்.

அக்கா எழுந்து பால்கனிக்குப் போனாள். தண்ணீர் ஊற்றத்தான் போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து அடியில் கை கொடுத்து ஒரே இழுப்பு. வேரும் சேறும் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, மகனுக்கு முன்னால் தரையில் தலைகீழாகப் போட்டாள்.

“இப்ப செடி இல்ல. இப்ப சொல்லுடா.”

தமிழரசன் போனைக் கீழே வைத்தான்.