வாசலில் ஒரு தெருவிளக்கு

எழுபதுகளின் கடைசியில், ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தபோது, எனக்குப் பழைய தெருவிளக்குப் பைத்தியம் பிடித்தது. மின்சாரம் வருவதற்கு முன்னால் கம்பத்தின் உச்சியில் எரிந்த மண்ணெண்ணெய் விளக்குகள். நாலு பக்கமும் கண்ணாடி, தலையில் தகரத் தொப்பி. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கப் போனவன், பக்கத்துப் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். "மடியில வச்சுக்கிட்டா லக்கேஜ் போட மாட்டேன் சார்" என்றார் கண்டக்டர். வைத்துக்கொண்டேன். அந்த வேட்டி அதன்பிறகு வெள்ளைக்குத் திரும்பவே இல்லை.

அதோடு விட்டேனா? மேலும் மூன்று வாங்கினேன். துருவைச் சுரண்டினால் தகரம் ஓட்டையாகும். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தினால் விரிசல் விடும். என் மனைவி பள்ளி ஆசிரியை, ரொம்பக் கண்டிப்பு. பஸ்ஸில் இறங்கும் வழியாக ஏறுகிறவர்களை நிறுத்திப் பாடம் நடத்துவாள். என்னிடம் மட்டும், "இதுல ஒண்ணாவது எரியுமாங்க?" என்று கேட்பதோடு சரி.

ஒரு மின்வெட்டு நாளில் ஒன்று எரிந்தேவிட்டது. அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. உறையூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த அவள் தம்பி என்னை எப்போதும் கேலி செய்கிறவன். அவனிடம் போய், "அத்தானோட விளக்கு தெருவையே காட்டுது, ஞாயித்துக்கிழமை வந்து பாருடா" என்று சொல்லிவிட்டாள்.

சிக்கல் எனக்குத்தான் தெரியும். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே தெருவின் டியூப்லைட். தினமும் சாயங்காலம் ஒருவர் சைக்கிளில் வந்து, தெருமுனைக் கம்பத்துப் பெட்டியில் சுவிட்சைப் போடுவார். தெரு முழுக்கப் பளிச்சென்று ஆகும். அந்த வெளிச்சத்தில் என் விளக்கு எரிகிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கரண்டு போக வேண்டும் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்ட ஒரே பக்தன் நானாகத்தான் இருப்பேன். வாரம் முழுக்கப் போன கரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை.

தம்பி வந்தான். வாசலில் தொங்கிய விளக்கை அண்ணாந்து பார்த்தான். "இன்னும் ஏத்தலையா அத்தான்?"

"எரியுதேப்பா" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். "சாமி படத்துக்கு முன்னால வைங்க, பொருத்தமா இருக்கும்." நானும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன், எனக்கு அது பழக்கம்தான். ஆனால் என்னை நம்பி வாய் விட்டவளின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தயிர் வாங்கிட்டு வரேன்" என்று அவள் கிளம்பினாள். வீட்டில் தயிர் நிறையவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தெருவிளக்குகள் மொத்தமாக அணைந்தன. என் விளக்கு மஞ்சளாக நிமிர்ந்து நின்றது. வாசற்படி, தம்பியின் ஸ்கூட்டர், எதிர்வீட்டுக் கோலம் எல்லாம் தெரிந்தன. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

இருட்டிலிருந்து வெறுங்கையோடு வந்தாள் அவள். "கரண்டு போயிடுச்சு போலிருக்கு."

எங்கள் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"தெருவுக்கு மட்டுமா அக்கா?"

"ஆமாண்டா. நீ விளக்கைப் பாரு" என்றாள், வகுப்பில் பேசும் குரலில்.

அவன் பார்த்தான். நான் அவளைத்தான் பார்த்தேன். சுவிட்சுப் பெட்டியின் துரு அவள் முந்தானையெல்லாம் அப்பியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததே இல்லை.